டெல்லி அனுமதி வர்றதுக்குள்ள முளைச்சுப் போகுது டெல்டா நெல்!

மக்களே, 17. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

அரசு கொள்முதல் நிலையத்துல நெல் எடுக்கணும்னா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது ஒன்றிய அரசோட விதி. வடகிழக்குப் பருவமழை ஊத்துற அக்டோபர்ல, திருவாரூர்லயும் நாகையிலயும் அறுத்த குறுவை நெல்லுக்கும் அதே 17 தான். வெயிலே அடிக்காதப்போ நெல்லை எங்க காய வைக்கிறது? ரோட்டுல தான். மழைக்காலத்துல மன்னார்குடி பக்கம் பைக் ஓட்டியிருந்தா தெரியும்: பாதி ரோடு வண்டி, பாதி ரோடு நெல்லு.

அப்புறம் நடக்குறது எல்லாருக்கும் மனப்பாடம். மூட்டை நனையும். மாநில அரசு கடிதம் எழுதும். டெல்லியில இருந்து குழு வரும், மாதிரி எடுத்துட்டுப் போகும். கடைசியில 'தளர்வு' வரும். 2022 அக்டோபர்ல 19 சதவீதம். 2023 பிப்ரவரியில, கதிர் முத்தி நின்ன சம்பா மழையில சாஞ்சு படுத்த பிறகு, 20 சதவீதம். அதுவரைக்கும் ஈர நெல் காத்திருக்குமா சார்? சில நாள்ல முளை விட்ரும். அதுக்கு யார் அனுமதியும் தேவையில்ல.

இதே அரசு, உள்நாட்டுல அரிசி விலை ஏறுதுன்னதும் 2023 ஜூலை 20 அன்னைக்கு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை உடனடியா நிறுத்துச்சு. அந்த வேகம் விவசாயிக்குன்னா எங்க போகுது?

'இயற்கை சார், யார் என்ன பண்ண முடியும்'னு சிலர் கமெண்ட்ல வருவாங்க. இயற்கை மாறிடுச்சுன்னு தான் நாங்களும் சொல்றோம். 2023-ல மேட்டூரை ஜூன் 12-லயே திறந்தாங்க. கர்நாடகாவுல மழை குறைஞ்சது, வர வேண்டிய தண்ணியும் முழுசா வரல. குறுவை கருகுச்சு, அக்டோபர் 10-ல அணையை மூடிட்டாங்க. 2024-ல ஜூலை 28-ல தான் திறப்பே. ஆத்துத் தண்ணிய நம்பி விதைச்சவன் அறுவடை நேரா மழைக்குள்ள போய் நிக்கும். ஒரு வருஷம் காஞ்சு சாகுது, ஒரு வருஷம் நனைஞ்சு சாகுது. விதி மட்டும் அப்படியே இருக்கு!

விஞ்ஞானிகள் அவங்க வேலையை முடிச்சுட்டாங்க. வெள்ளத்துல ரெண்டு வாரம் வரைக்கும் மூழ்கினாலும் பிழைக்கிற சி.ஆர்.1009 சப்-1 ரகம் நம்ம டெல்டாவுலயே விளையுது. வயல்ல வெள்ளத்தையே தாங்குன நெல்லு, அறுத்த பிறகு தார்ப்பாய் இல்லாம அழுகுது. இதுக்கு டெல்லியைக் கை காட்ட முடியாது. திறந்தவெளியில மூட்டையை அடுக்கி வைக்கிறது மாநில அரசு.

நான் படிச்சது இன்ஜினியரிங். நாலு வரி புரோகிராம் இது. அந்தந்த வட்டத்துல மழைமானி அளவு குறிப்பிட்ட மில்லிமீட்டரைத் தாண்டுச்சுன்னா, அன்னைக்கே வரம்பு தானா 20 ஆகணும். கடிதமும் வேணாம், குழுவும் வேணாம். மழை அளவு தினமும் வெளியாகுற தகவல் தானே?

'ஈர நெல்லை எடுத்தா கிடங்குல கெட்டுடும்'னு அதிகாரிகள் சொல்றது நியாயம். அதனால தான் கொள்முதல் நிலையத்துலயே உலர்த்தும் இயந்திரமும் மேல ஒரு கூரையும் கேக்குறோம். அடுத்த குறுவை அறுவடைக்கு முன்னாடி, ரெண்டு அரசும் பதில் சொல்லணும்.

#ஈரப்பத_விதியை_மாற்று
#டெல்டா_நெல்