எட்டுக் கம்பியில் ஒன்று

சனிக்கிழமை இரவு பதினோரு மணி. ஆஸ்டின் டவுனில் என் தங்கை வீட்டு மாடியில் மூன்று பேர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு நகர மறுத்தது. மீதமுள்ள நேரம்: ஏழு மணி.

தங்கையின் கணவருக்குக் கல்யாண வீடியோ தொழில். கீழே கடை, மேலே வீடும் எடிட்டிங் அறையும். அன்று காலை முகூர்த்தத்தை மூன்று கேமராக்களில் எடுத்திருந்தார்கள். அந்த 300 கிகாபைட் சரக்கும் கடையில் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் கிடந்தது. மெமரி கார்டுகளைக் காலி செய்து, உதவியாளர் பையன் அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டான். ஞாயிறு மாலை அல்சூரில் ரிசப்ஷன். அங்கே பெரிய திரையில் பத்து நிமிடப் படம் ஓட வேண்டும். முன்பணம் வாங்கியாயிற்று. சரக்கு மாடிக்கு வந்து சேரவே விடிந்துவிடும் என்றால் எப்போது வெட்டுவது, எப்போது ஒட்டுவது?

"பிளானை 100-லிருந்து 300-க்கு ஏத்தியாச்சு மச்சான். மாசாமாசம் தண்டம். இப்ப இன்னும் பெரிய பிளான் போடுங்கறான்" என்றார் மாப்பிள்ளை. போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார். 300 என்றது. இன்டர்நெட் கம்பெனியின் மேல் அன்றைக்குக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடையிலிருந்து மாடிக்கு வரும் ஃபைல் கம்பெனிப் பக்கமே போவதில்லை. அது வீட்டுக்குள் ரவுட்டர் வழியாக, நமது ஒயரில், நமது படியேறி வருகிறது. தெருக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் குழாய் அடைத்திருந்தால் அது தெருவின் தப்பில்லையே.

திரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. விநாடிக்கு 11 மெகாபைட். இந்த வியாதிக்கு அதுதான் நாடி.

விற்பவர்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் ஃபைல் நகர்வதை மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 300 மெகாபிட் பிளான் என்பது மிஞ்சிப்போனால் விநாடிக்கு முப்பத்தேழரை மெகாபைட். (இந்த வகுத்தலை விளம்பரத்தில் யாரும் செய்து காட்டுவதில்லை.) 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. முகவரி, சரிபார்ப்பு என்று வழிச்செலவு போக 11, பதினொன்றரை மிஞ்சும். ஆயிரம் மெகாபிட் போக வேண்டிய ஒயரில் 11 என்று நின்றால் எங்கோ ஓரிடத்தில் 100 என்று பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்தோம். வேகம்: 100 மெகாபிட். இந்த ஒரு வரியைப் பார்க்க இரண்டு மாதமாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நெட்வொர்க் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். பழைய 100 மெகாபிட் முறைக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். 1999-ல் தரப்படுத்திய கிகாபிட் முறைக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். பழுப்புக் கம்பி ஒன்று அறுந்தால் இணைப்பு செத்துவிடாது. இரு முனைகளும் கமுக்கமாக 100-க்கு இறங்கிவிடும். பெங்களூரின் தாரக மந்திரமான 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'யை ஒயரும் கற்றுக்கொண்டிருக்கிறது. முழுக்க நின்றுபோயிருந்தால் அன்றே ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடியதால் பிளானை மாற்றினார்கள்.

ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் குற்றவாளி அகப்பட்டது. மாடி ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக ஒயர் உள்ளே வருகிறது. மழை வரும்போதெல்லாம் என் தங்கை ஜன்னலை இழுத்துச் சாத்துகிறாள். ஒயர் அந்த இடத்தில் அப்பளமாக நசுங்கியிருந்தது.

அந்நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பேட்டைப் படிக்கட்டுகளில் ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கீழே ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டியோடு வந்த குட்டி ஒயரைச் செருகினோம். 110. பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. நடுவில் ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் வந்தபோது வேகம் தொங்கியது. சிறு ஃபைல்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் டிஸ்க் திறந்து மூடி எழுத வேண்டும். அதற்கு ஒயர் பொறுப்பில்லை. ஒரு மணிக்குள் எல்லாம் வந்து சேர்ந்தது.

எல்லா மந்தமும் இப்படி ஒயரில் இருக்காது. சில மலிவான ரவுட்டர்கள் அட்டையில் 300 என்று அச்சடித்து, பின்னால் 100 மெகாபிட் போர்ட்களை வைத்திருக்கும். வைஃபை இரண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். இன்னொரு வகை விசித்திரமானது. பெரிய ஃபைலை வெளியே அனுப்பும்போது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் இன்டர்நெட் படுத்துவிடும். எக்ஸ் விண்டோ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸுக்கே 2010-ல் தன் வீட்டில் இது நேர்ந்தது. அவர் தோண்டித் துருவியதில் வெளிவந்தது, வழியிலுள்ள கருவிகள் தேவைக்கு மேல் சரக்கைத் தேக்கி நீண்ட க்யூவை வளர்க்கின்றன என்பது. 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அந்த க்யூவைக் கட்டுப்படுத்த ஒரு முறை தந்தார்கள். பல ரவுட்டர்களில் இப்போது அது இருக்கிறது. இல்லாவிட்டால், அனுப்பும் வேகத்துக்கு நாமே பிளானைவிடச் சற்றுக் குறைவாக ஒரு வரம்பு வைத்தால் மற்றவர்களுக்கு மூச்சு வரும்.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, மெதுவாக இருந்தால் முதலில் டெலிபோன் கம்பியைத்தான் ஆட்டிப் பார்ப்போம். 2004-ல் அரசு விநாடிக்கு 256 கிலோபிட்டையே பிராட்பேண்ட் என்றது. 2023-ல் அதை 2 மெகாபிட் ஆக்கியது. வேகம் ஏறிய இந்தக் காலத்தில் கம்பியை ஆட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மைவிட்டுப் போய்விட்டது.

ஞாயிறு மாலை அல்சூரில் படம் ஓடியது. மாப்பிள்ளை தூங்காத கண்களோடு கடைசி வரிசையில் நின்றிருந்தார். திங்கட்கிழமை புது ஒயர் வாங்கி, ஜன்னலை விட்டுவிட்டுச் சுவரில் துளை போட்டு இழுத்தோம். பிறகு பிளானைப் பழையபடி 100-க்குக் குறைக்கச் சொல்லி கம்பெனிக்குப் போன் செய்தார். ஏற்றுவதற்கு ஒரு எண்ணை அழுத்தினால் போதும். இறக்குவதற்கு ஆளோடு பேச வேண்டுமாம். நான் சென்னைக்கு ரயில் ஏறும்வரை அந்த ஆள் வரவில்லை.