சேவைன்னு சொல்லிச் சம்பளத்துல கை வைக்காதீங்க சாமிகளா!

போன ஞாயிற்றுக்கிழமை மணப்பாறை பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு ஒரு பக்கம் பெரியப்பா, இன்னொரு பக்கம் சித்தி பொண்ணு. எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு அவளுக்கு. சாம்பார் வர்றதுக்குள்ள பெரியப்பா ஆரம்பிச்சுட்டார்.

"ஏம்மா, நீ என்ன படிச்சே?"

"எம்.எஸ்.டபிள்யூ. பெரியப்பா. சமூகப்பணி."

"ஓ... சேவையா! நல்லது நல்லது. சரி, வேலைக்குன்னு என்ன படிக்கப் போறே?"

பந்தியே சிரிச்சுது. இதுல என்ன கொடுமைன்னா, நானும் சிரிச்சேன். அவ சிரிக்கலை. பாயசத்தைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டா. அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தப் பதிவு.

என் கதையைச் சொல்லிடறேன். நான் பொட்டி தட்டுறவன். பி.இ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசில் ப்ராஜெக்ட் எதுவும் இல்லாம மூணு மாசம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏசியில் உட்கார்ந்து காபி குடிச்சதைத் தவிர ஒரு ஆணியும் புடுங்கலை. ஆனா மாசக் கடைசியில் சம்பளம் டாண்ணு வந்துது. "தம்பி, உனக்கு சேவை மனப்பான்மை இருக்கா?"ன்னு ஒருத்தரும் கேட்கலை.

அவகிட்ட கேட்டாங்க. முதல் இன்டர்வியூ ஒரு தொண்டு நிறுவனத்தில். மாசம் பன்னிரண்டாயிரம், வாரத்தில் ஆறு நாள், கிராமம் கிராமமா அலையணும், பெட்ரோல் சொந்தச் செலவு. இவ தயங்கித் தயங்கிச் சம்பளத்தைப் பத்திக் கேட்டதும் அந்தப் பெரிய மனுஷர் சொன்னாராம்: "பணத்துக்காக வர்றவங்க எங்களுக்கு வேண்டாம்மா." அவர் வந்து இறங்கின காருக்கு மட்டும் பெட்ரோல் சேவையா ஊத்தினாங்களான்னு தெரியலை.

அடுத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பதினாறாயிரம். மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்னு ஆர்டர் கொடுத்து, இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார வெச்சுட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அங்கேதான் இருக்கா.

சரி, இந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கு? எனக்கும் தெரியாது. அன்னைக்கு சாயங்காலம் திருச்சிக்குத் திரும்பி வர்றப்ப பஸ்ஸில் கேட்டேன். படிக்கும்போதே வாரத்தில் ரெண்டு நாள் களப்பணி கட்டாயமாம். அப்போ பார்த்த ஒரு கேஸைச் சொன்னா. மூட்டை தூக்குற ஒருத்தர், காசநோய். ஆறு மாசம் சாப்பிட வேண்டிய மாத்திரையை ரெண்டாவது மாசமே நிறுத்திட்டார். ஆஸ்பத்திரி நோட்டில் "ஒத்துழைக்காதவர்"னு எழுதியாச்சு. திட்டியும் பார்த்தாச்சு.

இவ வீட்டுக்கே போயிருக்கா. மூணு தடவை போனப்புறம்தான் அந்த ஆள் வாயைத் திறந்திருக்கார். வெறும் வயித்தில் மாத்திரையைப் போட்டுட்டு மூட்டை தூக்கினா குமட்டுது, வாந்தி வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்குன்னு அரசு மாசாமாசம் பணம் தருது. 2024 நவம்பரிலிருந்து அது 500-லிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கு. அந்தப் பணம் இவருக்கு வரவே இல்லை, காரணம் பேங்க் கணக்கு இல்லை. கணக்கு தொடங்க வெச்சு, மாத்திரை நேரத்தை டாக்டர்கிட்ட பேசி மாத்தி, மேஸ்திரியையும் சரிக்கட்டியிருக்கா. அவர் ஆறு மாசத்தையும் முடிச்சுட்டாராம்.

மக்களே, நாம இதைத்தான் டீபக்கிங்னு சொல்றோம். பிழை எங்கேயோ இருக்கும், எர்ரர் வேற எங்கேயோ காட்டும். பொறுமையா தோண்டிக் கண்டுபிடிக்கணும். நாம செஞ்சா ஸ்கில், அவ செஞ்சா சேவை. என்னங்க நியாயம் இது?

இது நேத்து முளைச்ச படிப்பும் இல்லை. மும்பையில் டாடா அறக்கட்டளை 1936-ல் இதுக்குன்னு தனிக் கல்லூரி ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு டிஸ்னு சொல்றோமே அதுதான். நம்ம சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்தது 1952-ல். குழந்தைகளுக்கான 1098 எண் தெரியும்தானே? அரசாங்க ஆபீஸ் எதிலேயும் யாரும் உட்கார்ந்து யோசிச்சதில்லை அது. 1996-ல் டிஸ்ஸிலிருந்து ஜெரூ பில்லிமோரியா முன்னெடுத்த களப்பணியில் பிறந்தது. 2023-லிருந்துதான் அரசே எடுத்து நடத்துது.

வேலை இல்லையான்னா, நிறையவே இருக்கு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்தில் தொழிலாளர் நல அலுவலர் இருக்கணும்னு சொல்லுச்சு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தொகுப்பு அதை 250 ஆக்கியிருக்கு. இன்னைக்கு எச்.ஆர்.னு கோட்டு போட்டுத் திரியற துறைக்கு இந்த நல அலுவலர் பெரியப்பா முறை. உறுப்பு மாற்று ஆஸ்பத்திரிகளில் ஒருங்கிணைப்பாளர் இருந்தே ஆகணும்னு 2011 சட்டத்திருத்தம் சொல்லுது. மூளைச்சாவு அடைஞ்ச பையனோட அப்பா அம்மாகிட்டப் போய்ப் பேசற வேலை. நினைச்சுப் பாருங்க, அதை யார் செய்யணும்? எச்.ஐ.வி. ஆலோசனைக்கு நம்பிக்கை மையங்கள், பெண்களுக்கு ஒன் ஸ்டாப் சென்டர்கள், பள்ளிகள், மனநல மருத்துவமனைகள், சி.எஸ்.ஆர். துறைகள் எல்லாத்திலேயும் இவங்களுக்கு இடம் இருக்கு.

ஆக, வேலை இருக்கு. மரியாதையான சம்பளமும் நிரந்தரமும்தான் இல்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்துக்கு 2022-ல் வந்த வழிகாட்டுதலை எடுத்துப் பாருங்க. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாசம் 18,536 ரூபாய். வெளியே போய்க் குடும்பங்களைப் பார்க்கிற களப் பணியாளருக்கு 10,592. அதுவும் ஒப்பந்தம்தான். குழந்தைத் திருமணத்தைத் தடுத்துட்டு, ஊர்க்காரங்க வசவையும் வாங்கிட்டு வர்றவங்களுக்கு, அடுத்த வருஷம் வேலை இருக்குமாங்கறதே நிச்சயமில்லை.

மனநலத்தில் இன்னும் கூத்து. சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்னா முதுகலைக்கு மேல ரெண்டு வருஷ எம்.ஃபில். வேணும்னு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்லுது. எம்.ஃபில்.லே வேண்டாம்னு 2020 கல்விக் கொள்கை சொல்லுது. நடுவில் யு.ஜி.சி. 2025-26 வரைக்கும்னு தவணை கொடுத்துது. மூணு பேர் மூணு டிக்கெட் கிழிச்சா பசங்க எந்தப் பஸ்ஸில் ஏறுவாங்க?

எல்லாத்துக்கும் வேர் அந்த ஒரு வார்த்தைதான். சேவை. ஊரில் ஃப்ளெக்ஸ் பாருங்க, பத்து நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுத்தவரெல்லாம் "சமூக சேவகர்". இங்கிலாந்தில் பதிவு செய்யாதவர் சோஷியல் வொர்க்கர்னு பேர் போட்டுக்கிட்டு வேலை பார்க்க முடியாது. இங்கே வக்கீலுக்கு பார் கவுன்சில், நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கு. சமூகப்பணிக்குன்னு நாடு முழுக்க ஒரு தனி கவுன்சில் கிடையாது. சேவகர் யார் வேணாலும் ஆகலாம். பணியாளர் ஆகப் படிக்கணும். படிச்சவங்களுக்குக் கூலி கொடுக்கணும்.

"தொண்டு நிறுவனத்துக்கிட்ட காசு ஏதுப்பா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. சின்னச் சின்ன அமைப்புகள் நிஜமாவே திண்டாடுது. ஆனா காசு ஏன் இல்லை? "நான் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஏழைக்கே போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது"ன்னு சொல்றது நாமதான். அந்தக் காசநோயாளிக்கு மாத்திரை இலவசம்தான், பணமும் ஒதுக்கியாச்சு. நடுவில் அவரைத் தேடி வீட்டுக்குப் போக ஒரு ஆள் வேணுமில்ல? அந்த ஆளோட சம்பளம்தான் உதவியே.

லாபம் பார்க்கிற பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது. எங்க ஆபீஸிலும் வருஷா வருஷம் ஒரே டிசைன் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் செடி நடுவோம். போன வருஷம் நட்ட குழியிலேயே இந்த வருஷமும். அந்தக் காசில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சோஷியல் வொர்க்கரைப் போடலாமேன்னு டேமேஜர்கிட்ட கேட்டேன். "போட்டோவுல அது தெரியாதேப்பா"ன்னார். ஙே!

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். அடுத்த மாசம் அவ ஒரு ஐ.டி. கம்பெனி எச்.ஆரில் சேரப் போறா. எங்க கம்பெனிதான். நான்தான் ரெஃபர் பண்ணேன். "நல்ல சம்பளம், ஏசி, உனக்கென்ன கிறுக்கா?"ன்னு ஒரு வருஷமா அவ மண்டையைக் கழுவினதும் நான்தான். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன், கல்விக்கடன் கட்டணும், சித்தப்பாவுக்கு சுகர். ஆனா மூணு தடவை ஒரு வீட்டுக் கதவைத் தட்டற பொறுமையை இனிமே யார் எத்தனை மணிக்கு ஸ்வைப் பண்ணாங்கன்னு பார்க்கச் செலவழிப்பா.

அவ சேர்ந்து மூணு மாசம் ஆனா எனக்கு ரெஃபரல் போனஸ் வரும். 25,000 ரூபாய். ஆஸ்பத்திரியில் அவளோட ஒரு மாசச் சம்பளத்தைவிட அது ஜாஸ்தி.

டிஸ்கி: "அப்ப நீ போய் எம்.எஸ்.டபிள்யூ. படிக்க வேண்டியதுதானே?"ன்னு கும்ம வர்ற நண்பர்களுக்கு: எனக்கு அந்தப் பொறுமை கிடையாதுங்க. கிடையாதுன்னு தெரிஞ்சதாலதான், இருக்கிறவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுங்கன்னு கேட்கிறேன்.