விலைப்பட்டியலைப் பார்த்துச் சில்லு தேர்ந்தெடுப்போருக்கு ஒரு மறுப்பு

‘உனோவை ஓரங்கட்டு, ஈஎஸ்பி32 வாங்கு.’ பொழுதுபோக்காக மின்னணுவியலில் இறங்கும் பள்ளிப் பிள்ளைகளின் காதில் இன்று முதலில் ஓதப்படும் மந்திரம் இதுவே. ஓதுவோர் காட்டும் கணக்கு எளியது. ஆர்டுயினோ உனோவில் இருக்கும் ஏடிமெகா328பி என்னும் மைக்ரோகண்ட்ரோலர் 8 பிட் கொண்டது. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். ஈஎஸ்பி32 சில்லோ 32 பிட், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட். போதாக்குறைக்கு வைஃபையும் புளூடூத்தும் உண்டு. விலை அசல் உனோவைவிடக் குறைவு. எண்களில் பிழை இல்லை. ஆனால் கற்கப் புகும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விக்கு இந்த எண்கள் விடையே அல்ல.

கேரளத்தில் இதை வெறும் பொழுதுபோக்காளர் சண்டை என்று தள்ளிவிட இயலாது. மாநில அரசின் கைட் நிறுவனம் 2022 டிசம்பரில் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபோட்டிக்ஸ் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும், ஏறத்தாழ 4.3 லட்சம் பேருக்கு, ரோபோட்டிக்ஸ் கட்டாயப் பாடமாயிற்று. 2022இல் வந்த அந்தப் பெட்டிக்குள் இருப்பது உனோ. கல்பாத்தியில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் சிறுமி அங்கே தொட்டுப் பழகுவது ஏவிஆர் குடும்பத்தை. வீடு திரும்பி யூடியூபைத் திறந்தால், அது அருங்காட்சியகப் பொருள் என்று கேட்கிறாள். கற்றது பாதியில் அறுந்துபோகிறது.

அவள் கல்பாத்திப் புழையின் நீர்மட்டத்தை அளக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். விபரீத ஆசையன்று, 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது இந்தப் புழை கரைமீறி ஓடியதை ஊர் மறக்கவில்லை. ஆற்றங்கரையில் மின் இணைப்பும் வைஃபையும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, அளந்து, குறித்துவிட்டு உறங்கும் கருவிதான் அங்கே தேவை. அதற்கு 240 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? மலிவான எச்சி-எஸ்ஆர்04 மீயொலி உணரி 5 வோல்ட்டில் இயங்குவது; ஏடிமெகா அதே 5 வோல்ட்டை நேராக ஏற்கும். ஈஎஸ்பி32இன் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை, இடையில் மின்தடைகளைப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும்.

உனோ பலகையை அப்படியே கரையில் வைத்தாலும் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சில்லு உறங்கினாலும் பலகையின் மற்ற உறுப்புகள் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும். இங்கேதான் இந்தக் குடும்பத்தின் மேன்மை தெரிகிறது. 28 கால்கள் கொண்ட சில்லைச் சாக்கெட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, பிரெட்போர்டில் தனியே நிறுத்தி, உறக்க நிலையில் சில மைக்ரோஆம்பியருக்கு இறக்கிவிடலாம். எரிந்துபோனால் சில்லை மட்டும் மாற்றலாம். எந்தப் பதிவகத்தின் எந்த பிட் எதைச் செய்கிறது என்பதை ஒரு கோடை விடுமுறைக்குள் டேட்டாஷீட்டைப் படித்தே அறிந்துவிடலாம்.

ஈஎஸ்பி32இல் தொடங்குபவருக்கு இந்த வாய்ப்பு அரிது. வைஃபையை இயக்கும் மென்பொருளின் அடித்தளம் மூல நிரல் திறக்கப்படாத நூலகமாகவே வருகிறது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 தொகுதியின் பத்து அனலாக் உள்ளீடுகளும் பயன்படா. மின்சாரம் வரும் கணத்தில் 12ஆம் பின் உயர் நிலையில் இருந்தால் வழக்கமான பலகை துவங்கவே மறுக்கும். அனுபவசாலிக்கு இவை அற்பத் தடைகள். பதினைந்து வயதுப் பிள்ளையோ தன் நிரலில்தான் குற்றம் என்றெண்ணி இரவெல்லாம் தேடும். கடைசியில் யாரோ எழுதியதை நகலெடுத்து ஒட்டிவிட்டு, ‘வேலை செய்கிறது’ என்று எழுந்துவிடும். ஏன் வேலை செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. மந்திரம் ஓதியவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

‘ஆர்டுயினோவையே குவால்காம் வாங்கப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தாயிற்றே, இனி அதை நம்பலாமா’ என்றொரு வாதம் எழுகிறது. பலகையின் பெயரையும் சில்லின் குடும்பத்தையும் குழப்பியதால் வந்த வாதம் இது. 2023இல் வந்த உனோ ஆர்4 பலகையிலேயே ஏவிஆர் இல்லை; ரெனசாஸின் 32 பிட் ஏஆர்எம் சில்லு இருக்கிறது. ஏவிஆரைச் செய்வது, 2016இல் ஆட்மெல்லை வாங்கிய மைக்ரோசிப். அதற்கான நிரல்மாற்றி கட்டற்ற மென்பொருள். எந்தப் பலகை நிறுவனம் கைமாறினாலும் அது நின்றுவிடாது.

சுதேசிக் கொடியோடு வருவோரும் உளர். திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய வேகா வரிசையின் தேஜஸ்32, ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் 100 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. அதைத் தாங்கும் ஏரிஸ் பலகைக்கு ஆர்டுயினோ மென்பொருளிலேயே நிரல் எழுதலாம். பெருமைக்குரிய ஆக்கம், ஐயமில்லை. ஆனால் நள்ளிரவில் ஒரு பிழைச்செய்தியைத் தேடும் மாணவிக்கு ஏவிஆர் பற்றிக் கிடைக்கும் விடைகளில் சிறு பங்குகூட அதற்கு இன்னும் சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் பொறியாளர்களும் ஆய்வாளர்களும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தோளில் தேசப்பற்றை ஏற்றுவது எளிது, தமிழிலும் மலையாளத்திலும் பத்துப் பாடங்கள் எழுதுவதுதான் கடினம்.

புழையின் அளவு கைபேசிக்கு வந்துசேர வேண்டும் என்று அதே சிறுமி அடுத்த ஆண்டு கேட்டால், வைஃபை எட்டும் இடமாயின் ஈஎஸ்பி32 தாராளமாக வாங்கட்டும். 32 பிட் உலகின் உள்ளமைப்பைப் பயில வேண்டுமெனில், 264 கிலோபைட் நினைவகமும் தெளிவான ஆவணங்களும் கொண்ட ராஸ்பெரி பை பிக்கோ அதைவிட நன்று. அதுவரை பள்ளிப் பெட்டியில் இருக்கும் உனோவை அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம்.