நீலகிரியும் பைசாபாத்தும்

2024 மக்களவைத் தேர்தலில் நானூறு இடங்களுக்கு மேல் என்று கிளம்பிய பாஜக, 240 இடங்களில் நின்றது. முந்தைய தேர்தலில் அதற்கு 303. அரசமைப்புச் சட்டத்தை மாற்ற அத்தனை இடங்கள் வேண்டும் என்று அக்கட்சிக்காரர்கள் சிலரே பேசியதும், இடஒதுக்கீடு போய்விடுமோ என்ற அச்சம் வடக்கே சேரிகளில் பரவியதும் நமக்குத் தெரிந்ததுதான். நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேசப்படாதது பைசாபாத்.

அயோத்தி அடங்கிய தொகுதி அது. ராமர் கோயில் திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பொதுத் தொகுதியில் பாசி என்ற தலித் சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத்தை நிறுத்தியது சமாஜ்வாதி கட்சி. 54 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் பாஜகவை வீழ்த்தினார்.

காரமடையில் நாம் ஓட்டுப் போடுவது நீலகிரி தனித் தொகுதிக்கு. திமுகவின் ஆ.ராசா இங்கே 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் மத்திய இணையமைச்சர் எல்.முருகனை வென்றார். ராசா பெரம்பலூர்க்காரர். அத்தொகுதி தனியாக இருந்தவரை அங்கே நின்றார். 2009-ல் அது பொதுவானது, நீலகிரி தனியானது. மத்திய அமைச்சராக இருந்தவரே மலையேற வேண்டியதாயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. கட்சிகளின் கணக்கைச் சொல்கிறோம்.

பொதுத் தொகுதியில் தலித்தை நிறுத்தினால் மற்ற சாதியார் ஓட்டு விழாது என்பதே அந்தக் கணக்கு. 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து தனித் தொகுதியில் எல்லாச் சாதியாரும்தான் வாக்களிக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலும் அவிநாசியிலும் கவுண்டர் வீட்டு ஓட்டும் ராசாவுக்கோ முருகனுக்கோ விழுந்திருக்கிறது. எல்லா முக்கியக் கட்சியும் தலித்தையே நிறுத்தியதால் வேறு வழியில்லை என்பார்கள். பைசாபாத்தில் எதிரே நின்ற லல்லு சிங் தலித் அல்லவே! அவ்வளவு தூரம் போவானேன்? திருச்சி பொதுத் தொகுதியின் 2001 இடைத்தேர்தலில் அதிமுக நிறுத்திய தலித் எழில்மலை ஜெயிக்கவில்லையா?

பாஜகவை எதிர்க்கச் சமூகநீதி பேசும் கட்சிகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த மறுவரையறையில் நீலகிரியே பொதுத் தொகுதியாகிவிடலாம். அப்போது காரமடைக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் தலித்தாக இருப்பாரா? பூத் கமிட்டிக் கூட்டத்துக்கு நம்மை அழைக்கும் கட்சிக்காரர்களிடம் இப்போதே கேட்டு வைப்போம்.