நிறம் அறியாப் பிள்ளையா?

(மூன்றாம் ஆண்டு உளவியல் மாணவி)

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது எங்கள் குழுவிற்கு ஒரு சிற்றூர் அங்கன்வாடியில் பணி தரப்பட்டது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் பிள்ளைகளோடு பொழுது போக்குவதும்தான் வேலை. அங்கே மூன்று வயதுச் சிறுவன் ஒருவன். நிற அட்டையில் ஆப்பிள் படத்தைக் காட்டினால் மற்றப் பிள்ளைகள் "ரெட்" என்று கூவும். இவன் வாயே திறக்க மாட்டான். "இவனுக்குக் கலர் தெரியாதும்மா, மந்தம்" என்றார் அவனை அழைத்து வந்தவர், அவன் காது கேட்கவே.

கூவிய பிள்ளைகளிடம் ஒரு செங்கல் துண்டைக் காட்டி நிறம் கேட்டேன். பதில் இல்லை. குங்குமத்தைக் காட்டினேன். "பொட்டு" என்றாள் ஒருத்தி. 'ரெட்' என்பது அவர்களுக்கு அந்தப் பழத்தின் இன்னொரு பெயர்; அவ்வளவே. நிறம் தெரிந்த பிள்ளைகள் யார், தெரியாத பிள்ளை யார்?

நிறத்தைக் காண்பது வேறு, அதன் பெயரைச் சொல்வது வேறு. நான்கு மாதக் குழந்தையே நிறங்களை இனம் பிரித்துக் காண்கிறது என்பதை அமெரிக்க உளவியலார் போர்ன்ஸ்டைனும் அவருடன் ஆய்ந்தோரும் 1976-இல் காட்டினர். பெயரோ பல பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டித்தான் நிலைபெறுகிறது. இந்த இடைவெளியில் ஏமாந்தவர்களுள் சார்லஸ் டார்வினும் ஒருவர்! பொருள்களின் பெயரையெல்லாம் கற்றுவிட்ட தம் பிள்ளைகள் நிறங்களின் பெயரை மட்டும் தவறாகச் சொல்வது கண்டு, நிறக்குருடோ என்று அஞ்சியதையும், பின்னர் அவ்வச்சம் வீணானதையும் அவர் 1877-இல் எழுதியுள்ளார். டார்வினுக்கே அந்தத் தடுமாற்றம் என்றால் பாவம், அந்தப் பெரியவரை நான் எப்படிக் குறை சொல்வது?

பந்தைத் தொடலாம், உருட்டலாம். சிவப்பை மட்டும் தனியே எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியுமா? அட்டையால் முடியாது. பீட்ரூட் சாற்றால் முடியும். (ஓவியம் பயின்றோர் அதைச் சிவப்பென்று ஒப்ப மாட்டார்கள்; பிள்ளைகள் ஒப்பினர்.) முகாமின் மூன்றாம் நாள் மஞ்சள் தூளைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்தோம், அவரை இலையைக் கசக்கினோம், அடுப்புக்கரியைப் பொடித்தோம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் அச்சு. பழைய நாட்காட்டியின் பின்புறம் தாள். இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். ஆகவே கடைச் சாயத்தைவிடச் சமையலறைச் சாயமே மேல். சுண்ணாம்பு மட்டும் கூடாது. மஞ்சளோடு கூடி அது ஆரத்திச் சிவப்பாவது அழகுதான். பிஞ்சுக் கண்ணில் பட்டால் பெருங்கேடு. அதற்குப் பதிலாகச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தோம். நீலம் ஊதாவாயிற்று. வேதியியல் துறை நண்பர் காரணம் விளக்கத் தொடங்கினார், கேட்பார் இல்லை. "இன்னொரு வாட்டி" என்பதே பேச்சு.

அந்தச் சிறுவனிடம் நான் பெயர் கேட்கவில்லை. மஞ்சள் அச்சைக் காட்டி, "இது மாதிரி இன்னொண்ணு கொண்டா தம்பி" என்றேன். வெளியே ஓடிப்போய்ப் பூவரசம்பூ ஒன்றை எடுத்து வந்தான். கரியைக் காட்டினேன். சற்று விழித்தான், பிறகு என் பின்னலைப் பிடித்து இழுத்தான்!

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் நிறப் பலகைகளில் முதற்பெட்டியில் இருப்பவை சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றே. நிறத்துக்கு இரண்டு பலகைகள். குழந்தை முதலில் ஜோடி சேர்க்கும். பெயர் பிறகு வரும். நம் அட்டையிலோ முதல் நாளே பன்னிரண்டு நிறங்கள்! போதாக்குறைக்கு, இலைக்குப் பச்சைதான் பூச வேண்டும் என்று கையைத் தட்டி விடுகிறோம். மாந்தளிர் பச்சையா?

"பள்ளியில் சேர்க்கும்போது 'வாட் கலர்' என்றுதானே கேட்கிறார்கள்?" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கவலைதான். பெயரையும் சொல்லிக் கொடுப்போம், வேண்டாம் என்று யார் சொன்னது? அளைந்து விளையாடும்போதே "இந்தப் பூ மஞ்சள், இந்தச் சாறும் மஞ்சள்" என்று சொல்லி வந்தால் போதும். அதற்கு முன்னரே தேர்வு வைத்து, வாய் திறவாத மூன்று வயதுப் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்தும் உரிமை நமக்கு இல்லை.

அடுத்த முகாமில் மரக்கன்று நடுவதோடு ஒரு காலைப் பொழுதை இதற்கும் ஒதுக்குமாறு திட்ட அலுவலரை வேண்டுகிறேன். துணியெல்லாம் கறையாகும் என்று தாய்மார் முறையிடுவார்கள், எங்களிடமும் முறையிட்டார்கள். பீட்ரூட் கறையை உடனே பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். மஞ்சள் கறையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் தானே மங்கிவிடும்.