வெயில் எல்லோருக்கும், மானியம் சிலருக்கா?

சேலம், நாமக்கல் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கொட்டகைகளிலும், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் வேர்வை சிந்துகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலையே மின்சாரமாக்கிக் கரண்ட் பில்லைக் குறைக்கலாம் என்று இப்போது வீடு வீடாக வந்து சொல்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்துப் புதுவீடு கட்டும் தொழிலாளியிடம், "மாடியில் சோலார் போட்டுவிடுங்கள், சர்க்கார் மானியம் தருகிறது" என்கிறார்கள். இது யாருக்கு நல்லது என்று பார்ப்போம்.

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தைத் துவக்கியது. 1 கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கியது 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் மானியம் ஏறாது.

சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

முதலில் மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் பகுதியில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு விளக்கு, இரண்டு விசிறி, டி.வி., மிக்ஸி என்று 200 யூனிட்டுக்குள் முடிக்கும் குடும்பம் சோலாரால் மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாயே. அதற்காக 3 கிலோவாட் போட்டுக் கடனில் மாட்டிக்கொள்வானேன்? 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில்தான் கட்டணம் எகிறுகிறது. அங்கேதான் லாபம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, இடம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல்படாத தளம் வேண்டும். தகடு தெற்குப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, தென்னை நிழல் விழுந்தால் உற்பத்தி விழும். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சமே, சூடு அல்ல. சூடு ஏறினால் மின்சாரம் குறையும். ஆகவே அடியில் காற்றோட்டம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். தூசி துடைக்க ஏறிப்போக வழியும் வையுங்கள்.

இன்னொன்றைப் பலரும் சொல்லாமல் மறைக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்புக்கே மானியம். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க, மின்வெட்டின்போது இவ்வமைப்பு தானே நின்றுவிடும். பேட்டரி இல்லையென்றால் பகலிலும் விசிறி சுற்றாது. தகட்டுக்கு 25 வருஷ உத்தரவாதம் என்பார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது. பழுதானால் யார் பார்ப்பது, எத்தனை வருஷம், யார் செலவில் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் சொந்த வீடு உள்ளவருக்கு. மற்றவர் கதி என்ன? தகடு மாட்டி மீட்டர் பொருத்திய பிறகே மானியம் வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரை கைப்பணம் போட வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். தகடு பொருத்தத் தகுந்த கூரையுள்ள சொந்த வீடும் மின் இணைப்பும் வேண்டும். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தறித் தொழிலாளிக்கு ஏது தளம்? புறம்போக்கில் ஓலைக்குடிசை போட்ட விவசாயத் தொழிலாளிக்கு ஏது பட்டா? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறவர்கள் இவர்களும்தானே! மானியப் பணத்தில் இவர்கள் பங்கு எங்கே?

வழி இல்லாமல் இல்லை. 2011-12ல் மாநில சர்க்கார் துவக்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய விளக்குகளும் சேர்த்தே தரப்பட்டன. மின்வாரியமே முன்னின்று, வீட்டுக்காரர் முதல் போடாமல் தகடு அமைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய சர்க்காரே நெறிமுறை வெளியிட்டது. சட்டம் இடம் தருகிறது, மனம்தான் வேண்டும்.

ஆகவே நாம் கோருவது: காலனிகளிலும் சர்க்கார் கட்டும் வீடுகளிலும் மின்வாரியமே தகடு அமைத்துப் பராமரிக்க வேண்டும். தனி வீட்டில் தளமில்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடங்களின் கூரையில் பொதுவாக அமைத்து, அந்த மின்சாரத்தை அவர்கள் பில்லில் கழிக்க வேண்டும். 100 யூனிட் இலவசத்தில் யாரும் கை வைக்கக்கூடாது.

தோழர்களே! வீட்டு வாசலில் நீட்டும் காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்து கணக்குப் போடுவோம். தளமில்லாத தோழனின் கோரிக்கையையும் சேர்த்தே மின்வாரிய அலுவலகத்துக்குக் கொண்டு செல்வோம்.