எலிக்கு வீடு கட்டிக் கொடுத்தது யார்?



குறைதீர் கூட்டத்தில் எலிச்சேதம் பற்றிப் பேசினோம். "வரப்பைச் சுத்தமா வச்சுக்கிட்டா எலி ஏன் வருது?" என்று ஒரு அதிகாரி நம்மையே திருப்பிக் கேட்டார். பால் பிடிக்கும் பயிரை ஒரே ராத்திரியில் கடித்துச் சாய்த்த வயலை அவர் வந்து பார்த்ததில்லை.

எலி காவிரி டெல்டாவுக்குப் புதுசல்ல. ஆனால் அன்றைக்கு ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் நடவு, ஒரே சமயத்தில் அறுப்பு. கோடையில் வயல் காய்ந்து கிடக்கும். தீனி இல்லாமல் எலி தானே குறையும்.

அந்தக் கணக்கு இன்று உடைந்துவிட்டது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் குறித்த நாளில் அணை திறக்கவில்லை. 2023-ல் திறந்தும் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் திறந்தது ஜூலை 28. பம்பு செட்டு உள்ளவர் முன்னே நடுகிறார், ஆற்றுத் தண்ணியை நம்பியவர் பின்னே நடுகிறார். ஒரு வயல் அறுக்கும்போது பக்கத்து வயல் பால் பிடிக்கிறது. எலிக்குச் சினைக்காலம் சுமார் மூன்று வாரம்தான். ஒரு ஈத்துக்கு ஆறு, ஏழு குட்டி. மாதக்கணக்கில் பந்தி நடந்தால் பெருகாமல் என்ன செய்யும்?

மழையும் முறை தவறிவிட்டது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுக்கிற நேரத்தில் கொட்டியது. சாய்ந்த கதிர் எலிக்குப் பந்தலாச்சு. வெள்ளம் வந்தால் வளையில் கொஞ்சம் சாகும். மிச்சம் வாய்க்கால் கரை மேட்டில் ஏறி உட்கார்ந்து, தண்ணி வடிந்ததும் வயலுக்குத் திரும்பும். தூர் வாராத வாய்க்காலும், புறம்போக்கில் மண்டிய சீமைக்கருவேலும் அதற்குக் கோட்டை. அறுவடை மிஷின் சிந்தும் நெல்லோ கையிருப்புத் தீனி.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். சாரைப்பாம்பைக் கண்டால் அடித்தோம். கூகை அலறினால் அபசகுனம் என்று விரட்டினோம். அது கூடு வைக்கும் பொந்து மரங்களை வெட்டினோம். விஷம் தின்ற எலியைத் தின்று பருந்தும் ஆந்தையும் செத்தன. எலிக்குப் பகையானவற்றை ஒழித்தது நாமும்தான். இன்னும் கொடுமை, எலிக்கு மின்கம்பி கட்டி மனித உயிர்களே போயிருக்கின்றன. ஒரு மூட்டை நெல்லுக்காக ஒரு குடும்பம் அநாதையாக வேண்டாம். கம்பி கட்டுவதை இன்றோடு நிறுத்துவோம்.

தனி ஆளாக எலியை ஒழிக்க முடியாது. நம் வயலில் விரட்டினால் அடுத்த வரப்பில் வளை தோண்டும். ஊர் சேர்ந்து, நடவுக்கு முன் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். வரப்பைக் குறுக்கிக் கட்டுவோம். தஞ்சாவூர் கிட்டி வைப்போம். ஆந்தை உட்காரக் குச்சி நடுவோம். பானைப் புகை போட்டு வளை பிடிக்கும் இருளர் முதலான உழைப்பாளிகளைக் கூப்பிட்டு, கௌரவமான கூலி கொடுப்போம்.

அந்தக் கூலியை ஏன் அரசு தரக்கூடாது? பயிர்க்காப்பீடு ஊர் சராசரி மகசூலைப் பார்க்கிறது. எலி தின்ற தனி வயல் அந்தச் சராசரியில் காணாமல் போகிறது. பிரீமியம் மட்டும் தனித்தனியாகக் கட்டுகிறோம்!

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. கடைமடை வரை உரிய காலத்தில் தண்ணீர் விடு!
2. தண்ணீர் திறக்கும் முன் தூர் வாரு! புறம்போக்குச் சீமைக்கருவேலை அகற்று!
3. ஊர்தோறும் கூட்டு எலி ஒழிப்புக்கு நிதி ஒதுக்கு! எலி பிடிப்போர் கூலியை அரசே கொடு!
4. எலிச்சேதத்தை வயல் வாரியாகக் கணக்கிட்டு நிவாரணம் வழங்கு!

வட்டாட்சியர் அலுவலகம் முன் நடக்கும் தர்ணாவுக்கு, எலி கடித்த பயிரைக் கட்டாகக் கட்டி எடுத்து வாருங்கள். வயலைப் பார்க்க வராதவர்கள் மேசையில் வைத்தே பார்க்கட்டும்.

பெண்கள், குத்தகைதாரர்கள், கூலித் தொழிலாளர்கள் அனைவரும் வாரீர்! ஒன்றுபடுவோம்! போராடுவோம்!